டீலர் திட்டியதை விடுங்கள், பழைய ஆயில் எங்கே?

கேள்வி: வணக்கம் வக்கீல் அம்மா. சொந்த ஊர் தூத்துக்குடி, இப்போது மும்பை செம்பூரில் குடும்பத்தோடு இருக்கிறேன், தனியார் கம்பெனியில் வேலை. கடல் ஆசை விடவில்லை. 2023 அக்டோபரில் ஒரு ஃபைபர் படகு வாங்கி, 6.80 லட்சம் ரூபாய்க்கு 60 குதிரைசக்தி நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் மாட்டினேன். மனைவியின் நகை இன்னும் அடகில் இருக்கிறது. படகு மும்பைக்கு எதிர்க்கரையில் மாண்ட்வாவில் நிற்கிறது. முதல் இரண்டு சர்வீஸ் டீலரிடம்தான் செய்தேன். மூன்றாவதை 2024 செப்டம்பரில், மழை விட்டதும், என் மச்சான் கூட்டி வந்த மெக்கானிக் செய்தார். சசூன் டாக் பக்கம் ஒரு கடையில் ஏபிஐ எஸ்என் தரம், 10டபிள்யூ-40 பிசுபிசுப்பு என்று போட்ட ஆயில் வாங்கி ஊற்றினோம். பில் வாங்கவில்லை, கேனின் போட்டோ வாட்ஸ்அப்பில் இருக்கிறது. 2025 ஜனவரியில், 262 மணி நேரம் ஓடிய நிலையில், அலாரம் அடித்து எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது. 'கம்பெனி ஆயில் போடவில்லை, வாரண்டி கிடையாது' என்கிறார்கள். பத்துப் பேர் முன்னால் டீலர் என்னைக் கேவலமாகப் பேசினார். 'தெரியாமல் போட்டுவிட்டோம், மன்னிக்கவும்' என்று மெயில்கூட அனுப்பினேன், மசியவில்லை. டிசம்பர், ஜனவரியில் டூரிஸ்ட்டுகளை ஏற்றியிருந்தால் வந்திருக்கும் இரண்டு லட்சமும் போனது, படகு ஓட்டும் தாண்டேலின் சம்பளம் வேறு. ரிப்பேருக்கு 2.90 லட்சம் எஸ்டிமேட். 'நல்லெண்ண அடிப்படையில்' உதிரி பாகத்தில் பாதி தள்ளுபடி தருகிறோம், எஞ்சினைத் திறக்க ஜாப் கார்டில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். எனக்குப் புது எஞ்சின், நஷ்ட ஈடு, மன்னிப்பு மூன்றும் வேண்டும். வழக்குப் போடலாமா?

பதில்: அவமானம், நகை, மச்சான் எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். பாந்த்ரா கிழக்கில் புறநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இவை எதுவும் வேண்டாம். டீலரை மன்னிப்புக் கேட்க வைக்கும் வழக்கை நான் எடுப்பதும் இல்லை. அங்கே கேட்கப்போவது ஒன்றுதான்: எஞ்சின் ஜாம் ஆனபோது அதற்குள் எந்த ஆயில் இருந்தது, அந்த ஆயில்தான் அதைக் கெடுத்ததா?

'கம்பெனி ஆயில் இல்லை' என்பது தனியாக ஒரு காரணமே இல்லை. நீங்கள் போட்டோ எடுத்து அனுப்பிய மேனுவல் பக்கத்தை நீங்களே படித்தீர்களா என்று தெரியவில்லை. அதில் இருப்பது இது: எஃப்சி-டபிள்யூ சான்று பெற்ற ஆயில், அல்லது ஏபிஐ எஸ்ஜி, எஸ்ஹெச், எஸ்ஜே, எஸ்எல் தரத்தில் 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40. எஃப்சி-டபிள்யூ என்பது அமெரிக்காவின் என்எம்எம்ஏ அமைப்பு நான்கு ஸ்ட்ரோக் படகு எஞ்சின்களுக்குத் தரும் சான்று. துருப்பிடிப்பு, நுரைப்பு, ஃபில்டர் அடைப்பு, பிசுபிசுப்பு குறைவது இவற்றையெல்லாம் சோதித்துக் கொடுப்பது. கார் எஞ்சின் படாத பாட்டைப் படகு எஞ்சின் படுகிறது. மணிக்கணக்கில் உச்ச வேகத்தில் ஓடும், அப்புறம் வாரக்கணக்கில் உப்புக் காற்றில் சும்மா நிற்கும். அதனால் எஃப்சி-டபிள்யூ நல்லதுதான், சந்தேகமில்லை. ஆனால் உங்கள் மேனுவல் அதை மட்டும்தான் ஊற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. ஏபிஐ வரிசையில் எஸ்என் என்பது எஸ்எல்லுக்குப் பிந்தியது. பெட்ரோல் எஞ்சினில் பின் வந்த தரம் முந்தைய தரத்தின் இடத்தில் போகும். ஆக, நீங்கள் சொல்லும் ஆயில் உண்மையிலேயே உள்ளே இருந்தது என்றால், கம்பெனியின் மறுப்புக் கடிதம் அவர்களுடைய சொந்த மேனுவலுக்கே முரண்.

வாரண்டியில் ஒரு விலக்கைக் காட்டி மறுக்கிறவர்தான் அந்த விலக்கு பொருந்துகிறது என்று நிரூபிக்க வேண்டும். ஆயில் பம்ப் கெட்டோ, கேஸ்கெட் விட்டுக் கடல் தண்ணீர் உள்ளே போயோ பிரஷர் விழுந்திருந்தால், எந்த ஆயிலை ஊற்றியிருந்தாலும் அந்த எஞ்சின் ஜாம் ஆகியிருக்கும். இதுவரை சட்டம் உங்கள் பக்கம்.

உங்கள் மச்சான் அனுப்பிய வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை. 'எங்கள் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும் என்று கம்பெனி கட்டாயப்படுத்த முடியாது' என்று அதில் சொல்வது 1975-ல் வந்த அமெரிக்கச் சட்டம், மேக்னசன்-மாஸ். இங்கே செல்லாது. நம் ஊரில் 2014-ல் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு அபராதம் போட்டு, வெளியில் சர்வீஸ் செய்தாலே வாரண்டி போய்விடும் என்று மொத்தமாக நிபந்தனை வைக்கக் கூடாது என்றது. அது கார் உதிரி பாகச் சந்தை பற்றிய உத்தரவு. வாதத்தில் ஒரு பத்தியாகச் சேர்க்கலாம், அதை மட்டும் நம்பி வழக்கை நடத்த முடியாது.

இப்போது நான் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். அந்த ஜாப் கார்டு.

கார், ஜேசிபி, ஜெனரேட்டர், படகு என்று எந்த வாரண்டி வழக்கிலும் கட்சிக்காரர்கள் விழும் பள்ளம் ஒன்றே. சீசன் போகிறதே என்ற பதற்றத்தில் எஞ்சினைத் திறக்க விடுவார்கள். டீலர் ஒர்க்‌ஷாப்பில் முதல் வேலையாக ஆயிலை வடித்துக் கொட்டுவார்கள். பேரிங், கிராங்க் எல்லாம் ஒரு மூலையில் குவியும், பாதி குர்லா பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேரும். கட்சிக்காரர் பணம் கட்டி எஞ்சினை ஓட்டிக்கொண்டு வந்து, பில்லையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என் மேஜையில் வைப்பார். எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே கேட்பார்: 'கெட்டுப்போன பாகம் எங்கே?' அதோடு முடிந்தது. சோதனை செய்யாமல் தெரியாத குறை என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-வது பிரிவில் ஆணையமே சாம்பிளை சீல் வைத்து லேபுக்கு அனுப்ப வழி இருக்கிறது. லேப் 45 நாளில் அறிக்கை தர வேண்டும். அனுப்ப சாம்பிள் இருந்தால்தானே?

ஆகவே கையெழுத்துப் போடாதீர்கள். எஞ்சினைத் திறக்கும் முன் இரண்டு தரப்பும் இருக்கும் கூட்டு ஆய்வுக்குத் தேதி கேட்டு எழுதுங்கள். உங்கள் தரப்பில் ஒரு மரைன் சர்வேயரை அழைத்துப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் ஃபீஸ் எனக்குக் கொடுப்பதைவிடப் பயன் தரும். சுத்தமான பாட்டில்களில் ஆயில் சாம்பிள் எடுத்து, எல்லோரும் கையெழுத்திட்டு சீல் வையுங்கள். ஒன்று அவர்களுக்கு, ஒன்று உங்களுக்கு, ஒன்று என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள லேபுக்கு. ஆயிலில் சோடியம் ஏறியிருந்தால் கடல் தண்ணீர் புகுந்திருக்க வாய்ப்பு அதிகம். பெட்ரோல் கலந்திருந்தால் அதுவும் தெரிந்துவிடும். துத்தநாகம், பாஸ்பரஸ், கால்சியம் அளவுகளைப் பார்த்து என்ன வகை ஆயில் என்பதைக்கூட ஓரளவுக்குச் சொல்லிவிடுவார்கள். பில் இல்லாத உங்களுக்கு இந்த ஆயில்தான் பில். எஞ்சினின் கம்ப்யூட்டரில் ஓடிய மணி நேரமும், அலாரம் அடித்த பதிவுகளும் இருக்கும். ஆய்வு அன்றே அதைப் பிரதி எடுத்துத் தரச் சொல்லுங்கள். பிரஷர் எப்போது விழுந்தது என்பதைச் சொல்ல அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கேன் போட்டோவை நம்பி இருக்காதீர்கள். படத்தில் இருக்கும் கேன் உங்கள் எஞ்சினுக்குள்தான் போனது என்று அந்தப் படம் சொல்லாது. ஊற்றிய மெக்கானிக்கின் பிரமாண வாக்குமூலம் வேண்டும். வாட்ஸ்அப் பதிவைத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழையும் சேர்க்க வேண்டும். போனை மாற்றிவிடாதீர்கள்.

அப்புறம் அந்த மன்னிப்பு மெயில். டீலர் திட்டியதைவிட உங்களுக்கு அதிகம் கெடுதல் செய்தது அதுதான். 'தெரியாமல் போட்டுவிட்டோம்' என்ற வரியை அவர்கள் பதில் மனுவின் முதல் பக்கத்தில் போடுவார்கள். இனி ஆயிலைப் பற்றி யாருக்கும் எதுவும் எழுதாதீர்கள், கஸ்டமர் கேர் போனில்கூடப் பேசாதீர்கள்.

இதைவிட மோசமானது நீங்கள் பெருமையாகக் கேட்கும் அந்த இரண்டு லட்சம். உங்கள் வாரண்டி கார்டைப் பாருங்கள்: சொந்தப் பயன்பாட்டுக்கு 3 வருடம், வர்த்தகப் பயன்பாட்டுக்கு 1 வருடம். எஞ்சின் ஜாம் ஆனது 15-வது மாதம். டூரிஸ்ட் வருமானம் போய்விட்டது என்று நீங்கள் மனுவில் எழுதிய நிமிடமே, வாரண்டி மூன்று மாதத்துக்கு முன்பே முடிந்தது என்று அவர்கள் சொல்வார்கள். ஆயிலைப் பற்றி யாரும் பேசக்கூட வேண்டியிருக்காது. அதோடு, வர்த்தக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை. சுயதொழிலாகப் பிழைப்புக்கே ஓட்டுகிறவருக்கு விலக்கு உண்டு. 1995 லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், தானே ஓட்டிப் பிழைக்கிறவர் துணைக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான் என்றது. உங்களுக்கு செம்பூரில் மாதச் சம்பளம், படகை ஓட்டுவது தாண்டேல். அந்த விலக்கு உங்களுக்குக் கிடைக்காது. போதாததற்கு, மகாராஷ்டிரா மாரிடைம் போர்டு அனுமதி இருந்ததா என்ற கேள்வியும் வரும். 2024 டிசம்பர் 18 நீல்கமல் பயணிகள் படகு விபத்துக்குப் பிறகு கூலிக்கு ஆள் ஏற்றும் படகு விஷயத்தை இந்தக் கரையில் யாரும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பொய் சொல்லச் சொல்லவில்லை. குடும்பத்தோடு போகத்தான் வாங்கினீர்கள், கூலிப் பயணம் எப்போதாவது ஒன்றிரண்டுதான் என்றால், 2019-ல் நம் மும்பையின் லீலாவதி கீர்த்திலால் மேத்தா டிரஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன முதன்மை நோக்கம் என்ற அளவுகோல் கொஞ்சம் கைகொடுக்கும். அங்கே மருத்துவமனை டிரஸ்ட் செவிலியர் தங்குவதற்கு ஃப்ளாட் வாங்கியதை வர்த்தக நோக்கம் இல்லை என்றார்கள். ஆனால் தாண்டேலுக்குச் சம்பளம் கொடுத்த கணக்கும் டூரிஸ்ட் நஷ்டக் கணக்கும் ஒரே மனுவில் இருந்தால், முதன்மை நோக்கம் எது என்பதை நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். உண்மையில் வழக்கமாகவே ஆள் ஏற்றினீர்கள் என்றால் நுகர்வோர் ஆணையத்தை மறந்துவிடுங்கள். அது சிவில் கோர்ட் விஷயம், வாரண்டியும் தீர்ந்த விஷயம். எது உண்மை என்று எனக்கு எழுதும் முன் உங்களுக்குள் தெளிவாக இருங்கள்.

சரி, வழக்குப் போடலாமா? போடலாம். செம்பூரில் குடியிருப்பதால் பாந்த்ராவிலேயே போடலாம், 200 ரூபாய் கட்டணம், காலக்கெடு 2 வருடம். பேச்சு நடக்கிறது என்பதற்காக அந்த 2 வருடம் நிற்காது. சட்டத்தில், சோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று இருக்கிறது. நடப்பில் வருடங்கள் ஆகும், அதுவரை எஞ்சின் அப்படியே கிடக்க வேண்டும். ஜெயித்தாலும் புது எஞ்சின் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. ரிப்பேர் செலவும் சொற்பமான நஷ்ட ஈடும்தான் வரும்.

ஆகவே என் யோசனை: சமரசம் செய்யுங்கள். ஆனால் இன்று அவர்கள் நீட்டும் தாளில் இல்லை. முதலில் கூட்டு ஆய்வு, சாம்பிள். அப்புறம் மேனுவலின் அந்தப் பக்கத்தை இணைத்து ஒரு வக்கீல் நோட்டீஸ். ஆயிலில் உப்புத் தண்ணீரோ பம்ப் கோளாறோ தெரிந்தால் பாதித் தள்ளுபடி முக்கால் ஆகும், லேபர் இலவசமாகும். எதுவும் தெரியாவிட்டால் பாதியையே வாங்கிக்கொள்ளுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். ஒப்பந்தத் தாளில் இரண்டு விஷயத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆயில் தவறு என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாக எந்த வரியும் இருக்கக் கூடாது. மாற்றும் பவர்ஹெட்டுக்கு, அதாவது எஞ்சினின் முக்கிய பாகத்துக்கு, எத்தனை மாத வாரண்டி, எந்தப் பயன்பாட்டுக்கு, எந்தத் தரத்து ஆயில் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

அந்தப் புது பவர்ஹெட்டுக்கு, மேனுவல் ஏபிஐ ஆயிலை அனுமதித்தாலும், வாரண்டி முடியும் வரை எஃப்சி-டபிள்யூ மட்டும் ஊற்றுங்கள். பில்லில் ஆயில் தரம், எஞ்சின் நம்பர், அன்று வரை எஞ்சின் ஓடிய மணி நேரம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். மே கடைசியில் படகைக் கரையேற்றும்போதே ஆயிலை மாற்றிவிடுங்கள். ஈரமும் பெட்ரோலும் கலந்த பழைய ஆயிலோடு மழைக்காலம் முழுக்க எஞ்சினை நிறுத்தி வைத்தால், செப்டம்பரில் எந்த ஆயிலை ஊற்றினீர்கள் என்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்பார்கள்.