எண் பெரிதாக இருந்தால் முதல் இடமா?

கேள்வி: மாசுபட்ட இடங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும்போது எதை முதலில் சுத்தம் செய்வது? எங்கே விஷம் அதிகமோ அங்கேதானே தொடங்க வேண்டும்?

பதில்: அப்படித்தான் தோன்றும். ஆனால் ஆய்வுக்கூட அறிக்கையில் இருக்கும் எண்ணை மட்டும் வைத்து வரிசை போட்டால் தப்பாகத்தான் போகும். விஷம் எங்கே இருக்கிறது, எந்த வழியாக நகர்கிறது, கடைசியில் யாரைப் போய்ச் சேர்கிறது என்று மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கெட்டியான களிமண்ணுக்குள் அடைந்து கிடக்கிற கழிவு, சுற்றிலும் ஆளில்லை, கிணறும் இல்லை என்றால் அதன் அளவு எவ்வளவு பயமுறுத்தினாலும் காத்திருக்கலாம். அதில் பத்தில் ஒரு பங்கு விஷம் மணல்பாங்கான நிலத்தில் கசிந்து, நீரோட்டம் போகிற திசையில் குடிதண்ணீர் போர்வெல் இருந்தால் அதைத்தான் முதலில் கையில் எடுக்க வேண்டும்.

கேள்வி: இதற்கு மதிப்பெண் போடுகிறார்களாமே?

பதில்: ஆமாம். அமெரிக்காவில் மாசுபட்ட இடங்களைச் சுத்தம் செய்ய 1980-இல் வந்த சூப்பர்ஃபண்ட் சட்டத்தின் கீழ் அப்படி ஒரு முறை இருக்கிறது. நிலத்தடி நீர், மேற்பரப்பு நீர், மண், காற்று என நான்கு வழிகளுக்கும் தனித்தனியே நூற்றுக்கு மதிப்பெண். மண்ணிலிருந்து கட்டடங்களுக்குள் ஏறும் ஆவியையும் 2017-இல் மண் கணக்கில் சேர்த்தார்கள். எனக்குப் பிடித்தது இவற்றைக் கூட்டுகிற விதம். நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தால், நிலத்தடி நீரில் நூறும் மற்றவற்றில் பூஜ்யமும் வாங்கிய இடத்துக்கு வெறும் 25 கிடைக்கும். அதனால் ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்தி, கூட்டி, நான்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்கிறார்கள். இப்போது அதே இடத்துக்கு 50 வருகிறது, ஒரே வழியில் மோசமாக இருக்கிற இடம் சராசரிக்குள் ஒளிந்துகொள்ள முடியாது. 28.50 அல்லது அதற்கு மேல் வாங்கினால் அந்தச் சட்டத்தின் தேசிய முன்னுரிமைப் பட்டியலில் சேரத் தகுதி. அந்த 28.50-ல் மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது, குறைந்தது 400 இடங்களாவது பட்டியலில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னதால் அதற்கேற்ப வைத்த கோடு அது. இன்னொன்று, இந்த மதிப்பெண் பட்டியலில் சேர்க்கத்தானே தவிர, 60 வாங்கிய இடத்துக்கு 40 வாங்கிய இடத்தைவிட முதலில் பணம் வரும் என்று அர்த்தமில்லை.

கேள்வி: எங்கள் கிணற்றுக்குப் பக்கத்து நிலத்தில் ஈயம் இருக்கிறது என்கிறார்கள். தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது.

பதில்: தெளிவை நம்பாதீர்கள், ஈயத்துக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. கிணற்றுநீரைச் சோதித்துவிடுங்கள். ஆனாலும் ஈயம் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும், அங்கே விளையாடிவிட்டுக் கையை வாயில் வைக்கும் குழந்தைக்குத்தான் முதல் ஆபத்து. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் வேறு மாதிரி, தண்ணீரில் கரைந்து நீரோட்டத்தோடு தூரம் போகும். பெட்ரோல் நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். இயந்திர பாகங்களில் கிரீஸ் போக்கப் பயன்படுத்தும் டிரைகுளோரோஎத்திலீன் தண்ணீரைவிடக் கனமானது, அடியில் போய்த் தங்கிப் பல வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருக்கும், அதைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

கேள்வி: நிலத்தடி நீரைச் சோதிக்கத் தோண்டும் கண்காணிப்புக் கிணறு ஒன்றே ஒன்று போதுமா?

பதில்: போதாது. நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியவே குறைந்தது மூன்று வேண்டும், அதுவும் ஒரே நேர்கோட்டில் இருக்கக் கூடாது. மழைக்காலத்தில் ஒரு தடவை, வறண்ட காலத்தில் ஒரு தடவை அளக்க வேண்டும், திசையே மாறுகிற இடங்களும் உண்டு.

கேள்வி: பட்டியலில் பின்னால் தள்ளிவிட்டார்கள். அதுவரை நாங்கள் என்ன செய்வது?

பதில்: முழுச் சுத்தம் முடிய வருடக்கணக்காகும், நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிப்பது சில இடங்களில் பத்து இருபது வருடம்கூட ஓடும். மாற்றுக் குடிநீர், அந்தக் கிணற்றை மூடுவது, மண்மீது வேலியோ மூடியோ போடுவது, இதற்கெல்லாம் வரிசையில் நிற்கத் தேவையில்லை, இப்போதே எழுத்தில் கேளுங்கள். அப்புறம், உங்கள் பக்கம் யாராவது புதிதாகப் போர்வெல் போட்டால் அதையும் அதிகாரிகளிடம் தெரிவியுங்கள். குடிக்கிற ஆள் கூடினால் முன்பு போட்ட கணக்கு செல்லாது, மறுபடி மதிப்பிடச் சொல்லிக் கேட்கலாம்.