கேளுங்கள், சொல்கிறேன்: நீராவிக் கதைக்குத் தண்ணீர் எங்கிருந்து?

போன இதழில், எழுத்தாளர்கள் தாங்களே காசு போட்டுத் தொகுப்பு நூல் கொண்டுவருவதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்டீம்பங்க் என்னும் நீராவிக் கற்பனைச் சிறுகதைத் தொகுப்பைப் பற்றித்தான். தருமபுரியில் ஒரு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவனாகச் சேர்ந்து, பிறகு தொகுப்பாசிரியர் வேலைக்கு வந்தவன் நான். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் இதைக் கையில் எடுத்திருப்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதனால் இந்த இதழ் முழுக்க இதற்கே.

நாங்கள் எட்டு பேர். ஆளுக்கு ஒரு கதை எழுதி, நாங்களே பணம் போட்டு ஸ்டீம்பங்க் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவர ஆசை. ஆனால், "இது லண்டன் சரக்கு, தருமபுரியில் யார் படிப்பார்கள்?" என்று கேட்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியா சார்?
கல்லூரி மாணவி, பென்னாகரம்

சரியில்லை அம்மா. மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி: மின்சாரமும் பெட்ரோலும் முந்திக்கொள்ளாமல், நீராவியே உலகத்தை ஓட்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசிக்கும் அறிவியல் புனைவுக்குத்தான் ஸ்டீம்பங்க் என்று பெயர். 1987இல் கே. டபிள்யூ. ஜெட்டர் என்ற எழுத்தாளர் லோகஸ் என்ற அமெரிக்க அறிவியல் புனைவு இதழுக்கு எழுதிய கடிதத்தில் அந்தப் பெயரைச் சொன்னார், ஒட்டிக்கொண்டது. வெள்ளைக்காரர்கள் எழுதும்போது லண்டன் பனிமூட்டமும் உயரத் தொப்பியும் வருவது இயல்பு. அவர்கள் ஊர் அது. உங்கள் ஊரில் என்ன இருந்தது என்று பாருங்கள்.

1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும் இரண்டரை அடி அகலத்தில் சின்ன ரயில் பாதை போட்டார்கள். தருமபுரிப் பாதை 1913இல் ஓசூர் வரை நீண்டது. பஞ்சம் வந்தால் தானியம் வந்துசேர வழி வேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருந்தது. தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 78 வரை, சேலம் ஜில்லா பட்ட பாடு அப்படி. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் தருமபுரிப் பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மொரப்பூர் பாதையை மறுபடி போடுவதற்கு அடிக்கல் வைத்தது 2019இல். ஒரு மாவட்டத்தின் தலைநகரம் இத்தனை வருஷமாகத் தன் மொரப்பூர் ரயிலைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பெயர்க்காமலே விட்டிருந்தால்? அந்தக் குட்டி ரயில் ராயக்கோட்டைக் கணவாயில் இன்னமும் புகைவிட்டுக்கொண்டு ஏறினால்? உங்கள் எட்டுக் கதைகளில் மூன்று இதிலேயே கிடைத்துவிடும்.

அப்புறம் கோலார் தங்கவயல். சேலம், வட ஆற்காடு ஜில்லாக்களிலிருந்து போய்ச் சுரங்கத்தில் இறங்கியவர்களின் பேரப் பிள்ளைகள் இன்றும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அங்கே நீராவி இயந்திரம் செய்துகொண்டிருந்த வேலைக்கு 1902இல் மின்சாரம் வந்தது. சிவசமுத்திரத்தில் காவிரியை விழவைத்து எடுத்த மின்சாரத்தைக் கிட்டத்தட்ட 92 மைல் கம்பி இழுத்துக் கொண்டுபோனார்கள். அதே காவிரிதான் கீழே இறங்கி உங்கள் ஒகேனக்கலில் விழுகிறது. 1902இல் அந்தக் கம்பி போய்ச் சேராமலிருந்தால் சுரங்கத்தின் அடியில் என்ன நடந்திருக்கும்? உலகத்தில் எங்கும் இவ்வளவு சுத்தமான ஸ்டீம்பங்க் கேள்வி கிடைக்காது என்பேன்.

இரும்பு வேண்டுமா? கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். 1830இல் ஹீத் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர் சேலத்துத் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலையே தொடங்கினார். இரும்பும் ரயிலும் சுரங்கமும் இருந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு, தேம்ஸ் நதிக்கரையை இரவல் வாங்க வேண்டாம்.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். எட்டுக் கதையிலும், "இந்த இயந்திரத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். வானூர்தி பறக்கட்டும், பித்தளை யானை நடக்கட்டும். ஏரி வறண்டு கிடக்கிற ஊரில் அதற்கு யார் குடம் சுமந்தார்கள், எந்தக் கிணறு வற்றியது என்று கதை சொல்லட்டும். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் கதை தானாக நம் ஊருக்கு வந்துவிடும்.

என் கதையின் முடிவில் பாய்லர் வெடித்து ஆலை நாசமாகிறது. தொகுப்பாசிரியர், "ஏன் வெடித்தது?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். கற்பனைக் கதைக்கு இதெல்லாம் தேவையா?
வாசகர், ஓசூர்

கட்டாயம் தேவை தம்பி. அவர் நல்ல தொகுப்பாசிரியர், விட்டுவிடாதீர்கள்.

காவேரிப்பட்டணம் பக்கம் மாம்பழ சீசனில் ஒரு கூழ் ஆலைக்குப் போய், அனுமதி கேட்டு, பாய்லர் அறையில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். நான் நின்றிருக்கிறேன். பாய்லரின் முகப்பில் கெட்டியான கண்ணாடிக் குழாய் ஒன்று செங்குத்தாக இருக்கும். உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவது அதுதான். அதில் தண்ணீர் மட்டம் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். ஆடுகிறவரை ஆபரேட்டர் அவர் பாட்டுக்கு விறகு தள்ளுவார், டீ குடிப்பார். ஆடாமல் அசையாமல் நின்றதும் எழுந்து வந்துவிடுவார். குழாய்க்குப் போகும் வழி அடைத்திருக்கலாம், கண்ணாடி பொய் சொல்லலாம் என்று அவருக்குத் தெரியும். கீழே இருக்கும் குழாயைத் திறந்து உஸ்ஸென்று ஆவியை வெளியே விட்டு, மூடி, தண்ணீர் மறுபடி ஏறுகிறதா என்று பார்ப்பார். பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.

காரணம் இது. நெருப்புப் படும் தகட்டுக்கு மேலே தண்ணீர் இருக்கிறவரைதான் தகடு பிழைக்கும். தண்ணீர் இறங்கித் தகடு வெறுமனே நின்றால் பழுத்து, இளகி, உள்ளே இருக்கும் அழுத்தத்தைத் தாங்காமல் கிழியும். கிழிந்த நொடியில் அழுத்தம் விழுந்து, நூறு டிகிரிக்கு மேல் கொதித்துக் கிடந்த தண்ணீரில் ஒரு பங்கு சட்டென்று ஆவியாகிறது. ஆவியான தண்ணீருக்கு முன்பு இருந்ததைப் போல 1,600 மடங்குக்கும் மேல் இடம் வேண்டும். ஆலை பறப்பது அதனால்தான். இதைத் தடுக்கத்தான் சில பாய்லர்களில் தகட்டிலேயே ஈயம் போன்ற இளகும் உலோக அடைப்பு ஒன்று வைத்திருப்பார்கள். தண்ணீர் குறைந்தால் முதலில் அது உருகி, ஆவி நெருப்பின் மேலே பாய்ந்து எச்சரிக்கும்.

இப்போது உங்கள் கதையை எடுங்கள். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உங்கள் வீட்டுக் கெண்டியின் அடியைப் பார்த்தாலே தெரியும். அதே வெள்ளைப் படிவு பாய்லர் தகட்டிலும் படியும். படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாது, தகட்டிலேயே தங்கும். மேஸ்திரி, "நல்ல தண்ணி வேணும்" என்று மாசக்கணக்காகக் கேட்கிறார், முதலாளி காசு பார்க்கிறார். அல்லது பாதுகாப்பு வால்வு அடிக்கடி திறந்து ஆவி வீணாகிறதென்று யாரோ அதன்மேல் பாரம் தொங்கவிடுகிறார்கள். வெடிப்புக்கு முன்னால் இப்படி ஒரு மனுஷன் எடுத்த முடிவு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் உங்கள் வெடிப்பு வெறும் சத்தம். திருத்தி அனுப்புங்கள்.

நீராவிக் காலம் என்றாலே வெள்ளைக்காரன் காலம். அதைக் கவர்ச்சியாக எழுதினால் அடிமைத்தனத்தைப் புகழ்ந்த மாதிரி ஆகாதா?
ஆசிரியை, காரிமங்கலம்

ரயிலையும் கடிகாரத்தையும் மட்டும் எழுதி, தண்டவாளத்துக்கு மண் சுமந்தவளை விட்டுவிட்டால் அப்படித்தான் ஆகும் டீச்சர். உங்கள் கவலை நியாயமானது. ஆனால் இந்த வகைக் கதைக்கு ஒரு வசதி உண்டு: வரலாற்றை வேறு பக்கம் திருப்பலாம். 1792இல் ஓர் ஒப்பந்தப்படி திப்பு சுல்தான் நம் பகுதியான பாராமகாலைக் கம்பெனிக்குக் கொடுக்க நேர்ந்தது. கம்பெனி அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் வந்து நிலத்தை அளந்து வரி போட்டார்கள். மன்றோ வருஷக்கணக்காகத் தருமபுரியிலேயே குடியிருந்தார். அந்த ஒப்பந்தம் நடக்காமல், இரும்புக் குழாயில் மருந்து அடைத்து ராக்கெட் விட்ட மைசூர் பட்டறைகள் நூறு வருஷம் தொடர்ந்திருந்தால்? அந்த ராக்கெட்டுகளைக் கொண்டுபோய்ப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் காங்கிரீவ் தன் ராக்கெட்டைச் செய்தார். அந்தப் பட்டறைக்காரன் கையில் நீராவியும் கிடைத்திருந்தால் என்று எழுதுங்கள். உங்கள் பள்ளிப் பிள்ளைகளையும் எழுதவையுங்கள்.

பணம் எல்லோரும் சமமாகப் போடுகிறோம். ஒருவர் கதை 6 பக்கம், இன்னொருவர் கதை 30 பக்கம். வரும் காசை எப்படிப் பிரிப்பது? ஒப்பந்தம் எல்லாம் வேண்டுமா? எல்லோரும் நண்பர்கள்தான்.
வாசகர், பாலக்கோடு

நண்பர்கள் என்பதால்தான் வேண்டும். எழுதி வைத்துக்கொள்ளாத தொகுப்பு நட்பைக் கெடுத்ததை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அச்சடிக்கும்போது யாரும் சண்டை போடுவதில்லை, புத்தகம் நன்றாக விற்ற பிறகுதான் வரும்.

பக்கக் கணக்கில் பிரிக்காதீர்கள். பிரித்தால் அடுத்த தொகுப்பில் எல்லோரும் இழுத்து எழுதுவார்கள். தலைக்குச் சமம் என்பதே நல்லது. போட்ட பணம் முதலில் திரும்பட்டும், மீதி சமமாகப் பிரியட்டும். தொகுப்பாசிரியராக ஒருவர் கூடுதல் வேலை பார்த்தால் அவருக்குக் கூடுதலாக ஒரு பங்கு வையுங்கள், அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும். 1957ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் செல்லும். வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாமல் விட்டால் 5 வருஷம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். ஆகவே இந்த நாலையும் எழுதுங்கள்: கதையின் காப்புரிமை எழுதியவருக்கே, தொகுப்பில் வெளியிட மட்டும் அனுமதி, எத்தனை வருஷம், அச்சுக்கா மின்னூலுக்கா இரண்டுக்குமா. மின்னூலைக் கிண்டிலின் பிரத்யேகத் திட்டத்தில் சேர்த்தால் 90 நாள் வேறு எங்கும் மின்னூலாகத் தரக்கூடாது. எல்லோருக்கும் சம்மதமா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். ஒருவர் தன் கதையை ஏற்கெனவே இணையத்தில் போட்டிருந்தால் அங்கேயே தகராறு தொடங்கும்.

ஐஎஸ்பிஎன் எண் வாங்கித் தர ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
வாசகி, ஊத்தங்கரை

வேண்டாம் அம்மா. நூலுக்கு நூல் தரும் அந்த அடையாள எண் இந்தியாவில் இலவசம். டெல்லியில் ராஜா ராம்மோகன் ராய் பெயரில் உள்ள அரசு முகமை தருகிறது. எழுத்தாளரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அச்சுக்குக் கொடுப்பதற்கு நன்கு முன்னதாகவே விண்ணப்பித்துவிடுங்கள்.

அட்டைப்படத்தை ஏஐயில் போட்டுக்கொள்ளலாமா? செலவு மிச்சம்.
வாசகர், கிருஷ்ணகிரி

போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஏஐ வரைகிற பற்சக்கரங்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒன்றின் பல் இன்னொன்றில் மாட்டாது, குழாய் சுவருக்குள் போய்க் காணாமல் போகும். ஸ்டீம்பங்க் வாசகர் அட்டையில் முதலில் பார்ப்பதே அதைத்தான். நம் பக்கத்தில் கோயில் தேர்ச் சக்கரம் செய்கிற ஆசாரிகள், லேத் பட்டறைக்காரர்கள், ஓவியம் படித்த பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள். ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து வரையச் சொல்லுங்கள். தொகுப்பின் இன்னொரு படைப்பாளி அவர், பெயரை உள்ளே ஒழுங்காகப் போடுங்கள்.

கதைகளை ஃபோனில் தட்டச்சு செய்து டிடிபி கடைக்கு அனுப்பினோம். பக்கம் போட்டு வந்ததைப் பார்த்தால் எழுத்தெல்லாம் மாறியிருக்கிறது.
வாசகர், மொரப்பூர்

நீங்கள் அனுப்பியது யூனிகோட், ஃபோனிலும் கணினியிலும் ஒரே மாதிரி படிக்கிற எழுத்து முறை. பல கடைகளில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்கம் போடும் மென்பொருளும் பழைய எழுத்துருக்களும்தான். மாற்றும்போது கால் வாங்கிய இடத்தில் "ர" உட்காரும், "கௌரி" வெறும் "கெளரி" ஆகும் (ஔகாரக் குறி "ள" எழுத்தாகிவிடும்), ஃ காணாமல் போகும். உங்கள் கதைகளில் ஜ, ஸ், ஃ எல்லாம் அதிகமாக வருமே, அங்கெல்லாம் விரலை வைத்துப் பாருங்கள். யூனிகோடிலேயே பக்கம் போடுகிற கடையாகத் தேடினால் பாதி வேதனை குறையும். எப்படியானாலும் எழுதியவர் மெய்ப்புப் பார்த்தது கணக்கில் சேராது, தன் பிழை தன் கண்ணுக்குப் படாது. கதைகளை மாற்றிக்கொண்டு பாருங்கள். காகிதத்தில் எடுத்துப் பாருங்கள், திரையில் வேண்டாம்.

எத்தனை பிரதி போடுவது? எங்கே விற்பது?
கல்லூரி மாணவி, பென்னாகரம் (மறுபடியும்)

டெம்மி என்ற வழக்கமான நூல் அளவில் 160 பக்கம் என்றால், பதினாறு பக்க ஃபாரம், அதாவது ஒரு தாளை மடித்து வரும் பக்கக் கட்டு, பத்து, கணக்கு வட்டமாக வரும். அந்த அளவுக்குள் கதைகளைச் சுருக்கப் பாருங்கள், சுருக்குவது கதைக்கும் நல்லது. முதலில் தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் கொஞ்சம் போடுங்கள். பிரதிக்கு விலை கூடுதலாக ஆகும்தான், ஆனால் கட்டிலுக்கு அடியில் மூட்டையாகக் கிடக்காது. கடைக்காரர்கள் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூடக் கழிவு கேட்பார்கள், அதை விட்டு மிச்சம் நிற்கும்படி விலை வையுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் புத்தகத் திருவிழா நடக்கிறது. உள்ளூர் எழுத்தாளர்களுக்கு இடம் கேளுங்கள், எட்டு பேரும் மாறி மாறி மேசையில் நில்லுங்கள். கல்லூரி இயந்திரவியல் துறைக்கும் ஒரு நடை போங்கள். கதையே படிக்காத பையன்கள் இந்தப் புத்தகத்தைப் படிப்பார்கள்.

வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் பிரதி அனுப்ப வேண்டும், 1954ஆம் வருஷத்துச் சட்டம் அது. மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் உண்டு. தபால் செலவையும் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பிரதி எனக்கும் அனுப்புங்கள் அம்மா, காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.