தோற்ற அன்றே கோல்கீப்பரின் பிழையைப் பேசலாமா?

ஆட்டம் முடிந்தவுடன், பயிற்சியாளரான நீங்கள் உங்கள் கால்பந்து அணியைக் கூட்டும் வட்டத்தில் அந்த 11 வயதுக் கோல்கீப்பரின் பிழையை எடுத்துப் பேச வேண்டாம். அடுத்த பயிற்சி வரை அது காத்திருக்கலாம். சக வீரன் காலால் திருப்பி அனுப்பிய பந்தை அவன் கையால் பிடித்ததால் எதிரணிக்குக் கிடைத்த இன்டைரக்ட் ஃப்ரீ கிக்கில் (உதைப்பவர் நேரடியாகக் கோல் அடிக்க முடியாத, இன்னொருவர் மீது பட்ட பிறகே கோலாகும் உதை) கோல் விழுந்து, ஒரு கோலில் தோற்றதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிக் கையால் பிடிக்கக் கூடாது என்னும், 1992 முதல் நடைமுறையில் உள்ள விதியை அந்த நேரத்தில் விளக்கினால், கையுறையைக்கூடக் கழற்றாமல் குனிந்து நிற்கும் பிள்ளையின் காதில் "உன்னால்தான் தோற்றோம்" என்பது மட்டுமே விழும்.

காரணம் பெரும்பாலும் அவனுக்கு ஒரு படி முன்னால் இருக்கும். தடுப்பாட்டக்காரர்கள் பக்கவாட்டில் விலகி நிற்காதபோது, பந்தை யாருக்குத் தட்டுவது என்று தெரியாமல் கை தானாக முன்னே போய்விடுகிறது.

அடுத்த பயிற்சியில், யார் பெயரையும் சொல்லாமல் அதே நிலையை அமைத்து, ஒருவரை விரட்டி வரச் செய்து, பத்து முறை ஆட வையுங்கள். பந்து வருமுன் அவன் நிமிர்ந்து பக்கவாட்டில் பார்க்கிறானா, அங்கே ஆள் இருக்கிறாரா என்று கவனியுங்கள். ஆள் இல்லையென்றால் முதலில் திருத்த வேண்டியது மற்றவர்கள் நிற்கும் இடத்தைத்தான்.

ஆனால், எதிரணியினரைக் காயப்படுத்தும் ஆட்டத்தையும், சக வீரர்கள் அவனைப் பழிப்பதையும் அன்றே, அங்கேயே நிறுத்த வேண்டும். அவனாகவே வந்து கேட்டால், மழுப்பாமல், தனியே அழைத்து, இரண்டு வாக்கியங்களில் உண்மையைச் சொல்லுங்கள். "அது பிழையே இல்லை" என்னும் பொய்யைப் பிள்ளைகள் உடனே கண்டுகொள்வார்கள்.