வீட்டு ஆர்கேட் அறைக்கு ஒளிரும் பலகைகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வீட்டில் ஆர்கேட் அறை, அதாவது காசு போட்டு ஆடும் வகை வீடியோ கேம் இயந்திரங்களுக்கான அறை, அமைப்பவர்கள் அந்த இயந்திரங்களைத் தேடுவதில் மாதக்கணக்கில் அலைந்துவிட்டு, ஒளிரும் பலகையை மட்டும் கடைசி நேரத்தில் கண்ணில் பட்டதை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். விளக்கை அணைத்ததும் அறையில் முதலில் தெரிவது அந்தப் பலகைதான். மின்சாரத்தோடு தொடர்புள்ள பொருளும்கூட. ஆகவே வந்திருந்த கேள்விகளில் சிலவற்றுக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுப் பேஸ்மென்டில் மூன்று ஆர்கேட் கேபினெட்டுகள் (திரை பொருத்திய ஆட்டப் பெட்டிகள்) இருக்கின்றன. சுவரில் மாட்டுவதற்கு உண்மையான கண்ணாடி நியான் வாங்கலாமா, எல்.இ.டி. நியானே போதுமா?

பதில்: சிறு பிள்ளைகள் ஓடியாடும் அறையாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், வளையும் உறைக்குள் சிறு எல்.இ.டி. விளக்குகளை வரிசையாக வைத்துச் செய்யும் எல்.இ.டி. வகையையே வாங்குங்கள். அது 12 வோல்ட்டில் இயங்கும், கீழே விழுந்தாலும் உடையாது, தொட்டால் சுடாது.

கண்ணாடி நியானின் அழகு வேறு என்பதை நான் மறுக்கவில்லை. 1910ஆம் ஆண்டு டிசம்பரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் ஜார்ஜ் க்ளோட் காட்சிக்கு வைத்த விளக்குகளின் அடிப்படை முறையிலேயே இன்றும் அது தயாராகிறது: கண்ணாடிக் குழாயைத் தீயில் வாட்டி வளைத்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, சிறிதளவு வாயுவை அடைத்து, இரு முனைகளிலும் உயர் மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். நியான் வாயு தருவது ஆரஞ்சு கலந்த சிவப்பு மட்டுமே. நீலம், பச்சை போன்ற நிறங்களுக்கு ஆர்கான் வாயுவையும் ஒரு துளி பாதரசத்தையும் இட்டு, தேவைக்கேற்பக் குழாயின் உட்புறத்தில் பாஸ்பர் என்ற ஒளிரும் பொடியைப் பூசுகிறார்கள். குழாயைச் சுற்றி எல்லாத் திசையிலும் ஒளி பரவுவதால் பின்சுவரிலும் மென்மையான சாயல் படியும், எல்.இ.டி. நியானில் ஒளி பெரும்பாலும் முன்பக்கமாகவே வருவதால் அந்தச் சாயல் அவ்வளவாகக் கிடைக்காது.

ஆனால் கண்ணாடி நியானுக்கு 2,000 முதல் 15,000 வோல்ட் வரை தேவைப்படும். அமெரிக்கத் தேசிய மின் விதித்தொகுப்பில் ஒளிரும் பலகைகளுக்கான 600ஆம் பிரிவு, 1,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட நியான் அமைப்புகளைக் குடியிருப்புகளில் நிறுவ இடம் தருவதில்லை. எனவே பழைய கடைப் பலகை ஒன்றை வாங்கிவந்து நீங்களே வயரிங் செய்யும் எண்ணத்தைக் கைவிட்டு, வேறு வழி உண்டா என்பதை உங்கள் ஊர் மின் ஆய்வாளரிடமே கேட்டறியுங்கள். இன்னொன்றும் உண்டு. பழைய வகை இரும்புக்கரு ட்ரான்ஸ்ஃபார்மரைப் பழைய டிவியில் இருப்பதுபோன்ற படக்குழாய்த் திரைக்கு அருகில் வைத்தால் அதன் காந்தப் புலம் திரையின் நிறங்களைக் கெடுக்கும். நீலம், பச்சைக் குழாய் உடைந்தால் சன்னலைத் திறந்துவிட்டுச் சிதறல்களை ஈரக் காகிதத்தால் எடுங்கள். பாதரசம் இருப்பதால் வாக்குவம் க்ளீனரை அதன்மேல் இயக்கக் கூடாது.

கேள்வி: கோயம்புத்தூரில் நானே ஒரு லைட் பாக்ஸ் (உள்ளிருந்து ஒளிரும் பெட்டிப் பலகை) செய்தேன். மூன்றடிக்கு ஓரடி அளவு. முன்னால் பால் வெள்ளை அக்ரிலிக் போட்டும், உள்ளே இருக்கும் எல்.இ.டி. வரிசைகள் கோடு கோடாகத் தெரிகின்றன. இன்னும் கனமான அக்ரிலிக் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். கனத்தைக் கூட்டினால் ஒளி மங்குமே தவிர கோடு முழுவதும் மறையாது. பெட்டியின் ஆழம் போதவில்லை என்பதே காரணம். ஸ்ட்ரிப் (எல்.இ.டி. பட்டை) வரிசைகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விடுகிறீர்களோ, குறைந்தது அந்த அளவுக்காவது ஸ்ட்ரிப்புக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவே தூரம் இருக்க வேண்டும்; அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லது. உங்கள் பெட்டியில் 6 செ.மீ. இடைவெளியில் ஐந்து வரிசைகள் ஒட்டி, முகப்புக்கு 7 அல்லது 8 செ.மீ. ஆழம் விட்டால் 3 மி.மீ. அக்ரிலிக்கே போதும். உட்புறம் முழுவதும் பளபளப்பில்லாத வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள். பிளைவுட்டை அப்படியே விட்டால் அது ஒளியை உறிஞ்சிக்கொள்வதோடு மஞ்சள் சாயலும் கொடுக்கும். எதையும் நிரந்தரமாக ஒட்டுவதற்கு முன் அறையை இருட்டாக்கி, ஸ்ட்ரிப்பை எரியவிட்டு, அக்ரிலிக்கைக் கையில் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். கோடுகள் கலந்து மறையும் இடம் கண்ணுக்கே தெரிந்துவிடும், அந்த இடத்தில் அக்ரிலிக்கைத் தாங்கும் ரீப்பரை (மெல்லிய மரச்சட்டத்தை) அடித்துவிடலாம்.

விளையாட்டு அறைக்கு மீட்டருக்கு 4.8 வாட் எடுக்கும் 12 வோல்ட் ஸ்ட்ரிப் தாராளமாகப் போதும். ஐந்து வரிசைகள் சேர்ந்து நாலரை மீட்டர், அதாவது ஏறக்குறைய 22 வாட். அடாப்டரை அதன் முழுத் திறனுக்கு ஓட்டாமல் ஐந்தில் ஒரு பங்காவது மிச்சம் விட வேண்டும் என்பதால் 12 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வாங்குங்கள். வரிசைகளை ஒன்றன் வாலில் ஒன்றாகக் கோக்காமல், ஒவ்வொரு வரிசைக்கும் தனியே வயர் கொடுத்தால் கடைசி வரிசை மங்காது.

படத்தைச் சாதாரண பிளெக்ஸில் அச்சிடாதீர்கள். பேக்லிட் ஃபிலிம் என்று கேட்டு, மை அடர்த்தியாக விழும்படி அச்சிடச் சொல்லுங்கள். பின்னாலிருந்து ஒளி வரும்போது நிறங்கள் வெளிறும், கறுப்பு சாம்பலாகிவிடும். அந்த ஃபிலிமைப் பால் வெள்ளை அக்ரிலிக்குக்கும் 2 மி.மீ. தெளிவான அக்ரிலிக்குக்கும் நடுவே வைத்து இறுக்கினால் சுருக்கம் விழாது.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த நியான் பலகையைச் சென்னையில் மாட்டலாமா?

பதில்: முதலில் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் ப்ளக்கை மட்டும் மாற்றினால் போதும், எல்.இ.டி. பலகைகள் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன. 120 வோல்ட் மட்டுமே என்றிருந்தால் நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகவே கூடாது. கண்ணாடி நியானின் இரும்புக்கரு ட்ரான்ஸ்ஃபார்மர் 60 ஹெர்ட்ஸுக்காகச் செய்யப்பட்டது. மின்னழுத்தத்தைக் குறைக்கும் கருவி வழியாகக் கொடுத்தாலும் நம் 50 ஹெர்ட்ஸில் அது கூடுதலாகச் சூடேறும் என்பதால், ட்ரான்ஸ்ஃபார்மரையே இங்குள்ளதாக மாற்றுவதுதான் சரி.

கேள்வி: “ஆர்கேட்” என்று ஆங்கிலத்தில் எழுதியதை எல்லோரும் மாட்டுகிறார்கள். தமிழில் எல்.இ.டி. நியான் பலகை செய்ய விரும்புகிறேன். கடைக்காரர் முடியாது என்கிறார். உண்மையா?

பதில்: முடியும், ஆனால் கடைக்காரர் தயங்குவதற்குக் காரணம் உண்டு. எல்.இ.டி. நியான் எழுத்துகளை வளைத்துச் செய்யும் குழாய் போன்ற 12 வோல்ட் நியான் ஃப்ளெக்ஸை நினைத்த இடத்தில் வெட்ட முடியாது. குறியிட்ட இடங்களில்தான், பொதுவாக 2.5 செ.மீ.க்கு ஒருமுறை, வெட்டலாம். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் பெரும்பாலும் நேர்கோடுகளாக இருப்பதால் அவருக்குச் சிக்கலில்லை. நம் எழுத்துகளிலோ ண, ன, ளை போன்றவற்றில் சுழிகள் அடுத்தடுத்து வருகின்றன. எழுத்தின் உயரம் குறைவாக இருந்தால் சுழிக்குள் ஃப்ளெக்ஸ் மடங்கி, உள்ளிருக்கும் தாமிரத் தடம் ஒடிந்து, அந்தத் துண்டு மட்டும் சில வாரங்களில் அணைந்துவிடும். ஆகவே 6 மி.மீ. அகல ஃப்ளெக்ஸைக் கேளுங்கள், எழுத்து உயரத்தை 20 செ.மீ.க்குக் குறைக்காதீர்கள், சுழியும் கோடும் சேரும் இடத்தில் இரண்டு துண்டுகளாக வெட்டிப் பின்பக்கம் வயரால் இணைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த சிக்கல் புள்ளி. ஒரு வெட்டுத் துண்டின் நீளத்தைவிடப் புள்ளி சிறியது என்பதால் அதை ஃப்ளெக்ஸால் அமைக்க முடியாது. பின்பலகையில் ஒரு துளையிட்டு, அதில் வட்டமான பால் வெள்ளை அக்ரிலிக் வில்லையைப் பதித்து, பின்னால் ஒற்றை எல்.இ.டி. மாட்யூல் வைத்தால் புள்ளி அழகாக ஒளிரும். அந்த வேலை வேண்டாமென்றால் புள்ளியே வராத சொல்லைத் தேர்ந்தெடுக்கலாம்: “வா விளையாடு” என்பதில் ஒரு புள்ளிகூட இல்லை. கணினியில் கிடைக்கும் தடித்த எழுத்துருவைக் கொடுத்தால் இரட்டைக் கோடாகத்தான் வெட்டுவார்கள் என்பதால், ஒற்றைக் கோட்டில் கையால் எழுதி அதைக் கொடுப்பது நல்லது. தமிழில் இத்தகைய பலகைகள் இன்னும் நிறைய வர வேண்டும் என்பது என் ஆசை. நம் எழுத்தின் வளைவுகள் ஒளியில் அத்தனை அழகாக இருக்கின்றன.

கேள்வி: பலகையை மாட்டிய பிறகு அதன் பிம்பம் கேபினெட் திரைகளில் விழுந்து ஆட்டத்தைக் கெடுக்கிறது. ஒளியைக் குறைத்தால் போதுமா?

பதில்: ஒளியைக் குறைப்பது இரண்டாவது வேலை. திரைக்கு எதிரே உள்ள சுவரில் எதை மாட்டினாலும் அது கண்ணாடியில் தெரியவே செய்யும். கேபினெட்டுகள் எந்தச் சுவரோடு நிற்கின்றனவோ அதே சுவரில், அவற்றின் தலைக்கு மேலே மாட்டுங்கள். இயலாவிட்டால் பக்கச் சுவரில், திரைகளைவிட நன்கு உயரமாக மாட்டுங்கள். ஆணி அடிப்பதற்கு முன் ஒருவர் டார்ச்சை அந்த இடத்தில் பிடித்திருக்க, நீங்கள் ஒவ்வொரு இயந்திரத்தின் முன்னும் நின்று பார்த்துவிடலாம். மங்கலாக்க டிம்மர் வாங்கும்போது அது 12 வோல்ட் பக்கத்தில் பொருத்துவதாக இருக்கட்டும். மின்விசிறி ரெகுலேட்டரை அடாப்டருக்கு முன்னால் பொருத்தினால் அடாப்டர் இரைந்து கெடும்.

கேள்வி: பேக்-மேன், டாங்கி காங் சின்னங்களை நானே வெட்டி ஒளிரச் செய்யலாமா?

பதில்: பேக்-மேன் பண்டாய் நாம்கோ நிறுவனத்துக்கும், டாங்கி காங் நின்டெண்டோவுக்கும் உரியவை. சொந்த அறைக்கு ஒன்று செய்வதற்கும் செய்து விற்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. விற்பனைக்குச் செய்யவே கூடாது. அனுமதி பெற்றுத் தயாரிக்கப்பட்ட விளக்குகள் கடைகளில் கிடைக்கின்றன. சாய்ந்த எழுத்து, வெடிப்பு நட்சத்திரம், கட்டம் கட்டமான பிக்சல் உருவங்கள் ஆகியவை யாருக்கும் தனியுரிமை இல்லாத 1980களின் பாணி என்பதால், அவற்றைக் கொண்டு சொந்தமாக வரைந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

கேள்வி: டொராண்டோவில் 1980களின் கேபினெட் ஒன்றை வாங்கினேன். மேலே பெயர் ஒளிரும் மார்க்கீ பலகை மினுக்மினுக்கென்று எரிகிறது, நிறமும் மங்கியிருக்கிறது. கழற்றிவிட்டுப் புதிதாக அச்சிடலாமா? பழைய அசல் மார்க்கீ வாங்க வேண்டுமென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: தயவுசெய்து அவசரப்பட்டுக் கழற்றி எறியாதீர்கள். புதிதாக வாங்கும் எந்த நியானையும்விட, சரியாக ஒளிரும் அசல் மார்க்கீயே அறைக்கு அழகு என்பது என் உறுதியான கருத்து.

மினுக்குவதற்குக் காரணம் உள்ளே இருக்கும் ட்யூப் லைட் அமைப்பு. அக்காலக் கேபினெட்டுகள் பலவற்றில் 18 அங்குல, 15 வாட் ட்யூப் இருக்கும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு முதலில் ஸ்டார்ட்டரை மாற்றுங்கள், பிறகு ட்யூப்பை, அதன் பிறகே சோக்கைச் சந்தேகியுங்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பின்னும் படக்குழாயில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும் என்பதால், மார்க்கீ அறையைத் தாண்டிக் கையை உள்ளே விடாதீர்கள்.

ட்யூப்பின் சூடும் புற ஊதாக் கதிரும்தான் நிறத்தை வெளுக்கச் செய்கின்றன. ஆகவே எல்.இ.டி.க்கு மாறுவது நல்லதே, ஆனால் நிறத்தைக் கவனித்து வாங்க வேண்டும். அந்நாளில் கூல் வொயிட் என்று விற்ற ட்யூப்பின் வண்ண வெப்பநிலை (வெள்ளை ஒளியின் சாயலைக் குறிக்கும் அளவு) 4,100 கெல்வினை ஒட்டியது. இன்று அதே பெயரில் விற்கும் எல்.இ.டி. 6,000 கெல்வினுக்கு மேல் நீலம் கலந்து எரிகிறது, அதில் மஞ்சள் பச்சையாகவும் சிவப்பு சோகையாகவும் தெரியும். 4,000 கெல்வின் என்று கேட்டு வாங்குங்கள்.

பழைய மார்க்கீகள் பலவற்றில் ஓவியம் அக்ரிலிக்கின் பின்புறத்தில் ஸ்க்ரீன் பிரின்ட் முறையில் இடவலம் மாற்றி அச்சிடப்பட்டிருக்கும். அந்தப் பின்புறத்தை ஈரத் துணியால்கூடத் துடைக்காதீர்கள். மை பெயர்ந்து வரும். முன்புறத்தை இளஞ்சூட்டு நீரில் சில துளி மென்மையான சோப்புக் கலந்து துடைக்கலாம். அமோனியா கலந்த கண்ணாடி க்ளீனரும் ஸ்பிரிட்டும் அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும்.

அசலை வாங்கும்போது ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துச் செல்லுங்கள். ஸ்க்ரீன் பிரின்டில் ஒவ்வொரு நிறமும் தனித்தனி மைப் பரப்பாக, ஓரம் கூர்மையாக இருக்கும்; பின்னால் கறுப்பும் வெள்ளையும் படலம் படலமாகக் கையில் தட்டுப்படும். ஆரஞ்சு நிறப் பரப்பு மஞ்சளும் சிவப்புமான நுண்புள்ளிகளாகச் சிதறித் தெரிந்தால் அது பிற்காலத்தில் டிஜிட்டலில் அச்சிட்ட நகலாக இருக்கலாம். ஆனால் அச்சிட்ட ஃபிலிமை இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்த மார்க்கீகளும் அசலாகவே வந்திருக்கின்றன. அத்தகைய இயந்திரத்தில் இந்தப் புள்ளிச் சோதனை செல்லாது. பிறகு அதை ஒரு வெளிச்சத்துக்கு முன் தூக்கிப் பிடியுங்கள்: கறுப்புப் பகுதியில் ஊசித்துளைபோல் ஒளி கசிந்தால் மை உதிரத் தொடங்கிவிட்டது என்று பொருள், அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேளுங்கள். கேபினெட்டின் மேல் கீழ் உலோகப் பட்டைகளுக்கு இடையிலுள்ள அளவை மில்லிமீட்டரில் குறித்துக்கொண்டு போவது நல்லது, ஏனெனில் ஒரே ஆட்டத்தின் நிமிர்ந்த கேபினெட்டுக்கும் சிறிய கேபினெட்டுக்கும் வெவ்வேறு அளவு மார்க்கீகள் வந்திருக்கின்றன.