சிலம்பம் ஆடும் பிள்ளைக்கு வாள்வீச்சு – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

என் மகளுக்கு 12 வயது. நாலு வருஷமாகச் சிலம்பம் ஆடுகிறாள். பள்ளிப் போட்டியில் வாள்வீச்சைப் பார்த்ததிலிருந்து அதுதான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஒலிம்பிக்கில் வாள் வீசிய பவானி தேவி மாதிரி ஆக வேண்டுமாம். சிலம்பம் படித்த பிள்ளைக்கு இது சுலபமா? மூன்று வாளில் எதை எடுப்பது? பின்னால் பயிற்சியாளராகப் பிழைக்க வழி உண்டா? அவள் இடதுகைக்காரி வேறு. அது குறையாகுமா?

ஒரு தாய், தக்கலை

அன்புள்ள சகோதரி,

சிலம்பத்தில் வந்த மணிக்கட்டும் மூச்சும் உதவும். கால் பழக்கம் உதவாது, தொடக்கத்தில் இடைஞ்சலே செய்யும். சிலம்பத்தில் சுழன்று திரும்புவது அழகு. இங்கே எதிராளிக்கு முதுகு காட்டினால் மஞ்சள் அட்டை. அதற்குப் பிறகும் தவறு செய்தால் சிவப்பு அட்டை, எதிராளிக்கு ஒரு புள்ளி. களமும் வட்டமல்ல, 14 மீட்டர் நீளம், ஒன்றரை முதல் 2 மீட்டர் அகலம் உள்ள ஒரு பட்டை. முன்னே போகலாம், பின்னே வரலாம், அவ்வளவுதான். மூன்று வாளில் ஒன்றான சேபரில் பின்கால் முன்காலைத் தாண்டி முன்னே வந்தாலே குற்றம்.

அதனால் முதல் சில மாதம் வாளை மறந்துவிட்டுக் காலைப் பழக்க வேண்டும். முன்பாதம் எதிராளியைப் பார்த்து, பின்பாதம் அதற்குக் குறுக்காக, இரண்டு குதிகாலும் ஒரே கோட்டில். நடுவில் அவள் பாதத்தால் ஒன்றரை முதல் இரண்டு பாத இடைவெளி. முழங்கால் மடங்கியே இருக்க வேண்டும். முன்னேறும்போது முன்கால் முதலில், பின்வாங்கும்போது பின்கால் முதலில். தலை ஏறி இறங்கினால் முழங்கால் நிமிர்கிறது என்று அர்த்தம்.

லஞ்ச் என்கிற பாய்ச்சலில்தான் பிள்ளைகள் அதிகம் தவறுவார்கள். கை முதலில் நீள வேண்டும், பிறகுதான் முன்பாதம் கிளம்ப வேண்டும். சிலம்பக்காரர்களுக்கு வீச்சுக்காகக் கையைப் பின்னால் இழுக்கும் பழக்கம் இருக்கும். அந்த இழுப்பில் எதிராளி முந்திக்கொள்வார். முன் முழங்கால் உள்ளே சாய்ந்தால் மூட்டு வலி வரும். பின்பாதம் உள்பக்கமாகப் புரண்டால் கணுக்கால் கெடும், திரும்பி எழவும் நேரமாகும். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, நேர் எதிரே நின்று போனில் படம் பிடித்துக் காட்டுங்கள். வாயால் சொல்வதைவிடச் சீக்கிரம் புரியும்.

வாள் விஷயம். ஃபாயில், சேபர், எப்பே என்று மூன்று. ஃபாயிலில் உடற்பகுதியை மட்டும் முனையால் குத்தலாம். இருவரும் குத்தினால் தாக்குதலை முதலில் தொடங்கியவருக்கே புள்ளி, இதுதான் முன்னுரிமை; எதிராளி அதைத் தடுத்துவிட்டால் அது அவருக்கு மாறும். சேபரில் இடுப்புக்கு மேலே, தலையும் கையும் உட்பட, வெட்டலாம், குத்தலாம். முன்னுரிமை இங்கேயும் உண்டு. எப்பேயில் உச்சி முதல் பாதம் வரை எங்கே குத்தினாலும் புள்ளி, முன்னுரிமை கிடையாது. 40 மில்லிசெகண்டுக்குள் இருவரும் குத்தினால் இருவருக்கும் புள்ளி. எப்பே 770 கிராம் வரை இருக்கலாம், மற்ற இரண்டும் 500 கிராம் வரை. கால் வேகமும் வெட்டும் கையும் உள்ள உங்கள் மகளுக்குச் சேபர் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆனால் பக்கத்தில் இருக்கும் பயிற்சியாளர் எதில் வல்லவரோ அதை எடுப்பதே புத்திசாலித்தனம். நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் மாவட்ட விளையாட்டு அலுவலரைக் கேட்டால் யார் எங்கே கற்றுத்தருகிறார்கள் என்று தெரியும்.

பவானி தேவியும் சேபர்தான். சென்னையில் பள்ளியில் தொடங்கி, கேரளத்தில் தலச்சேரி சாய் (இந்திய விளையாட்டு ஆணைய) மையத்தில் சாகர் லாகுவிடம் பயின்று, பிறகு இத்தாலியில் நிக்கோலா சனோட்டியிடம் போனார். டோக்கியோ ஒலிம்பிக்கில் துனிசியா வீராங்கனையை 15-3 என்று வென்று, அடுத்த சுற்றில் பிரான்சின் மனோன் புருனேயிடம் 7-15 என்று தோற்றார். 2023 ஆசிய வாள்வீச்சு சாம்பியன்ஷிப்பில் ஜப்பானின் மிசாகி எமுராவை வென்று வெண்கலம் வாங்கினார். சிறுமியாகத் துருக்கியில் ஆடப் போன முதல் பன்னாட்டுப் போட்டியில் மூன்று நிமிடம் தாமதித்ததால் கறுப்பு அட்டை வாங்கி வெளியேறியவரும் அவரே. இதில் செலவு வாளுக்கு அல்ல, பயணத்துக்கு. ஒலிம்பிக் தகுதி உலகத் தரவரிசை வழியாக வருகிறது. அந்தப் புள்ளிகளைத் தேடி நாடு நாடாகப் போக வேண்டும். தலச்சேரியைப் பார்க்க நினைத்தால் நம் பக்கத்திலிருந்தே பரசுராம் எக்ஸ்பிரஸ் போகிறது.

பயிற்சியாளர் வேலையைப் பற்றி. பட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோவில் வாள்வீச்சு உண்டு. தகுதியை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள். இந்த வேலையின் உயிர் தனிப்பாடம். மாணவருக்கு எதிரே முகமூடியும் தடித்த கைச்சட்டையும் போட்டு நின்று, இருபது நிமிடம் போல அடி வாங்க வேண்டும். மோசமான பயிற்சியாளர் ஒரே தூரத்தில் நிற்பார். பிள்ளையும் அசையாத ஆளைக் குத்தப் பழகி, போட்டியில் திணறும். நல்லவர் அரை அடி விலகுவார், திடீரென நெருங்குவார், தடுப்பை வேண்டுமென்றே தாமதமாகக் கொடுப்பார். இடக்கையாலும் பாடம் கொடுக்கத் தெரிந்திருப்பார். முழங்கை வலி இந்தத் தொழிலின் சம்பளத்தோடு வருவது. சீக்கிரமே நடுவர் தேர்வும் எழுதட்டும். முன்னுரிமை புரிய அதைவிட நல்ல வழி இல்லை.

கருவிப் பராமரிப்பில் நம் மாவட்டத்துக்குத் தனிக் கவலை உண்டு. கடல் காற்றும் வியர்வை உப்பும் சேர்ந்தால் பிளேடு சீக்கிரம் துருப்பிடிக்கும். நனைந்த ஜாக்கெட்டோடு வாளை ஒரே பையில் போடவே கூடாது. துடைத்து, லேசாக எண்ணெய் தடவி வையுங்கள். ஃபாயிலிலும் சேபரிலும் அடி பட்டதைக் காட்ட மேலே போடும், மின்சாரம் பாயும் லாமே ஜாக்கெட்டில் உலோக இழை இருக்கிறது. மிதமான நீரில் அலசி, முறுக்காமல் நிழலில் விரித்து உலர்த்துங்கள். இல்லாவிட்டால் அங்கங்கே இழை செத்து, அடி பட்டும் அதைக் காட்டும் விளக்கு எரியாது. பிளேடு ஒடிந்தால் தூக்கி எறியுங்கள். மார்த்தாண்டத்தில் எவ்வளவு நல்ல வெல்டிங் பட்டறை இருந்தாலும் சரி, ஒட்டவைக்கக் கூடாது. 1982-ல் ரோமில் ஒடிந்த பிளேடு முகமூடியைத் துளைத்து உலகச் சாம்பியன் விளாடிமிர் ஸ்மிர்னோவ் இறந்தார். இன்றைய கெட்டியான முகமூடியும் உடுப்பும் அதன் பிறகு வந்தவை.

இடதுகை குறையே அல்ல, மாற்றிவிடாதீர்கள். எல்லோரும் வலதுகைக்காரர்களோடு பழகுவதால் இடதுகைக்காரரின் கோணம் அவர்களைக் குழப்பும். ஆனால் இன்னொரு இடதுகைக்காரர் எதிரே வந்தால் அவளும் அதே குழப்பத்தில் மாட்டுவாள், அதற்கும் பழக வேண்டும். முதலில் ஷூ, கையுறை மட்டும் வாங்குங்கள். மற்றதைப் பயிற்சியிடத்தில் இரவல் வாங்கலாம். பிறகு ஜாக்கெட் வாங்கும்போது இடதுகைக்கு என்று கேளுங்கள், அதில் ஜிப் வலதுபக்கம் இருக்கும். பெண் பிள்ளைக்கு மார்புக் கவசம் தனியாக வாங்க வேண்டும்.