பெரிய பிரிண்டர் வாங்கலாமா? கிருஷ்ணகிரியிலிருந்து சில பதில்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து போட்டோகிராபர்கள் கேட்டு அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் பிரிண்ட் போட்டு பிரேம் அடித்துக் கொடுக்கிறவன், மெஷின் விற்கிறவன் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

அரூர்: அண்ணா, கல்யாண ஆர்டரோடு சுவரில் மாட்டுகிற பெரிய படமும் விற்கலாம் என்று இருக்கிறேன். 24 இஞ்ச் மெஷினா, 44 இஞ்ச் மெஷினா?

முதலில் உங்கள் ஊரில் எந்த சைஸ் பிரேம் ஓடுகிறது என்று பாருங்கள் தம்பி. நம் பக்கத்தில் 12×18, 16×24, 20×30, 24×36 இவைதான் அதிகம். 24 இஞ்ச் மெஷினில், அதாவது 24 இஞ்ச் அகலப் பேப்பர் ரோலில், 16×24 படத்தைக் குறுக்கே போட்டால் பேப்பர் வீணே ஆகாது. 24×36 நீளவாக்கில் கச்சிதமாக உட்காரும். 20×30 போட்டால் மட்டும் ஓரத்தில் 4 இஞ்ச் கழிவு. 44 இஞ்ச் ரோலில் இரண்டு 20×30 பக்கம் பக்கமாக வரும், ஆனால் ஒரு 24×36 மட்டும் போட வேண்டியிருந்தால் எப்படித் திருப்பினாலும் கழிவு அதிகம். 30×40 கேட்கிற ஹோட்டல், ரிசார்ட், ஓசூர் அபார்ட்மெண்ட் வாடிக்கையாளர் கையில் இருந்தால்தான் 44க்குப் போங்கள்.

இன்னொன்று. வாரத்துக்கு நாலைந்து பெரிய படம்கூட உறுதியாக ஓடாது என்றால் இப்போதைக்கு மெஷினே வேண்டாம். பெங்களூரு லேபில் போட்டு வாங்கி விற்றுப் பாருங்கள். ஆர்டர் தானாகச் சேர்ந்து, டெலிவரிக்குக் காத்திருப்பது தொல்லையாகத் தோன்றும்போது வாங்கினால் போதும்.

பாலக்கோடு: பிளெக்ஸ் கடை மெஷினிலேயே போட்டோ போட்டால் என்ன?

பேனருக்குச் சரி. பத்தடி தள்ளி நின்று பார்க்கிற படத்துக்கும், வீட்டு ஹாலில் முகத்துக்கு நேராகப் பார்க்கிற படத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. தோல் நிறத்தில் புள்ளி தெரியும். கேன்வாஸ் துணியில் எக்கோ-சால்வென்ட் (வீரியம் குறைந்த சால்வென்ட் இங்க்) பிரிண்ட் ஓரளவு தேறும்.

ஓசூர்: ஆறு கலர் இங்க் டேங்க் ஏ3+ (13×19 இஞ்ச்) பிரிண்டர் வைத்திருக்கிறேன். அதில் போட்டு விற்கலாமா சார்?

விற்கலாம், என்ன விற்கிறோம் என்று சொல்லி விற்க வேண்டும். எப்சன் எல்18050 மாதிரி மெஷின்களில் இருப்பது டை இங்க், அதாவது கரைந்த சாய மை. கலர் பளிச்சென்று வரும், செலவும் குறைவு. ஆனால் வெயில் படுகிற சுவரில் கண்ணாடி இல்லாமல் மாட்டினால் சீக்கிரம் வெளுக்கும். பிக்மெண்ட் இங்க் (நுண்ணிய நிறத்துகள் கலந்த மை) அப்படி இல்லை, நல்ல பேப்பரில் கண்ணாடி போட்டு மாட்டினால் பல பத்தாண்டுகள் தாங்கும். பரிசாகக் கொடுக்கிற சின்னப் படத்துக்கு உங்கள் மெஷின் போதும். "தலைமுறைக்கும் இருக்கும்" என்று சொல்லிப் பணம் வாங்குவதாக இருந்தால் பிக்மெண்ட்தான்.

அடுத்த படி 17 இஞ்ச். எப்சன் பி900, கேனான் ப்ரோ-1000 இரண்டுமே நல்ல மெஷின்கள். கேனானில் ரோல் போட முடியாது, ஷீட் மட்டும்தான். எப்சனுக்கு ரோல் யூனிட் தனியாக வாங்க வேண்டும். பி900ல் கார்ட்ரிட்ஜ் 50 மில்லி, ப்ரோ-1000ல் 80 மில்லி. 24 இஞ்ச் மெஷின்களில் பல நூறு மில்லி பிடிக்கிற கார்ட்ரிட்ஜ் வரும், மில்லி கணக்கில் அது மலிவு. சின்ன மெஷினின் விலையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்.

பென்னாகரம்: ஒகேனக்கல்லில் எடுத்த படங்கள். 24 மெகாபிக்சல் கேமரா. எவ்வளவு பெரிதாகப் போடலாம்?

6000×4000 பிக்சல். 20 இஞ்ச் அகலத்தில் இஞ்சுக்கு 300 பிக்சல் கிடைக்கும், கிட்டே போய்ப் பார்த்தாலும் குறை தெரியாது. 36 இஞ்சில் 166 வரும், சுவரில் மாட்டினால் அதுவும் நன்றாகவே இருக்கும். பாறை இடுக்கும் தண்ணீர்ச் சிதறலும் இருக்கிற படத்தைப் பார்க்கிறவர்கள் மூக்கை வைத்துப் பார்ப்பார்கள், அதனால் ஷார்ப்பாக இல்லாததைப் பெரிதாக்காதீர்கள். பரிசல்காரரை மட்டும் வெட்டி எடுத்த படமென்றால் மிச்சமிருக்கிற பிக்சலை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

தர்மபுரி: வெயில் காலத்தில் நாசில் (இங்க் வருகிற நுண்துளை) அடைத்துக்கொள்கிறது. கரண்டும் போய்ப் போய் வருகிறது.

இதுதான் நம் ஊர்ப் பிரச்சினை. ஏப்ரல், மே மாதங்களில் காற்றில் ஈரமே இருப்பதில்லை. மெஷின் எதிர்பார்ப்பது 40 முதல் 60 சதவீத ஈரப்பதம். மெஷின் இருக்கிற அறையை மூடி வைத்து, ஒரு ஈரப்பத மீட்டர் மாட்டுங்கள். ரொம்பக் குறைந்தால் ஹியூமிடிபையர் ஓட்டுங்கள். ஏசி ஓடினால் காற்று இன்னும் காயும், அதையும் கவனியுங்கள்.

கரண்ட் விஷயம் இன்னும் முக்கியம். மெஷினை அதன் பட்டனில் அணைத்தால்தான் ஹெட் (இங்க் தெளிக்கிற பாகம்) தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். சுவர் சுவிட்சைத் தட்டினாலோ, பிரிண்ட் நடுவில் கரண்ட் போனாலோ ஹெட் திறந்தபடியே நின்று காயும். ஓடுகிற பிரிண்டை முடிக்கிற அளவுக்காவது யூபிஎஸ் வேண்டும். வேலை இல்லாத வாரத்திலும் எல்லா கலரும் இருக்கிற ஒரு சின்னப் படத்தைப் போட்டுவிடுங்கள்.

அடைத்தபின் என்ன? கேனானில் ஹெட்டை நாமே மாற்றலாம், அது தேய்மானப் பொருள் மாதிரி. எப்சனில் ஹெட் நிலையானது, மாற்ற சர்வீஸ் ஆள்தான் வர வேண்டும். உங்கள் ஊருக்கு யார் வருவார், எத்தனை நாளில் வருவார் என்று வாங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். எனக்கு இது கலர் தரத்தைவிடப் பெரிய விஷயம்.

காவேரிப்பட்டணம்: கம்பேட்டபிள் இங்க் (வேறு கம்பெனி இங்க்) ஊற்றலாமா?

விற்கிற படத்துக்கு வேண்டாம். புரொபைல் (இங்க், பேப்பருக்கேற்ற கலர் அளவுக் கோப்பு) மாறும், வெளுக்காது என்று யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

பர்கூர்: ஸ்கிரீனில் நன்றாக இருக்கிறது, பிரிண்ட் இருட்டாக வருகிறது.

பிரிண்டரைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் மானிட்டர்தான் அதிக வெளிச்சத்தில் இருக்கும். வெளிச்சத்தை 100 கேண்டெலா அளவுக்கு இறக்கி, கேலிபிரேட்டர் (மானிட்டர் கலரை அளக்கிற கருவி) வைத்துச் சரிசெய்யுங்கள். பேப்பருக்கேற்ற ஐசிசி புரொபைலைப் போட்டு, சாப்ட்வேரோ பிரிண்டரோ ஏதாவது ஒன்றுதான் கலரைக் கையாளும்படி வையுங்கள். இரண்டும் சேர்ந்தால் முகமெல்லாம் சிவந்துவிடும்.

தேன்கனிக்கோட்டை: என்ன விலை சொல்வது?

24×36 படம் 6 சதுர அடி. சதுர அடிக்கு 1 முதல் 2 மில்லி இங்க் என்று வையுங்கள், கிளீனிங்கில் போவது தனி. அதோடு பேப்பர், கெட்டுப்போகிற பிரிண்ட், மெயின்டனன்ஸ் டேங்க் (கழிவு இங்க் சேருகிற பெட்டி), மெஷின் தேய்மானம், கரண்ட், உங்கள் நேரம். நம் ஆட்கள் பேப்பரும் இங்க்கும் மட்டும் பார்த்து விலை சொல்லிவிட்டு, ஹெட் போகும்போது கடன் வாங்குகிறார்கள். 260 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) லஸ்டர், அதாவது லேசாகப் பளபளக்கும் பேப்பருக்கு ஒரு விலை, 308 ஜிஎஸ்எம் காட்டன் பேப்பருக்கு வேறு விலை என்று இரண்டு சாம்பிளையும் கடையில் மாட்டி வையுங்கள். வாடிக்கையாளர் தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். யானைப் படத்துக்கு எனக்குப் பிடித்தது மேட் (பளபளப்பில்லாத) காட்டன்.

ஊத்தங்கரை: பெங்களூரில் பழைய 24 இஞ்ச் மெஷின் கிடைக்கிறது. எடுக்கலாமா?

நேரில் போய் நாசில் செக் (எல்லா நாசிலும் வேலை செய்கிறதா என்று காட்டுகிற கோட்டு பிரிண்ட்) போடச் சொல்லுங்கள். ஒரு கோடு விட்டிருந்தாலும் விலை பேசுவதை நிறுத்துங்கள். அப்புறம் ஒரே சாம்பல் நிறத்தில் ஒரு முழு அகலப் பட்டை போட்டுப் பாருங்கள், வரி விழுகிறதா என்று தெரியும். அந்த மாடலுக்கு இங்க்கும் மெயின்டனன்ஸ் டேங்க்கும் இன்னும் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். ஸ்டாண்டோடு நூறு கிலோ அளவுக்கு இருக்கும். வண்டியில் ஏற்றும் முன் இங்க் சிந்தாதபடி டிரான்ஸ்போர்ட் மோடில் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் கடை மாடியில் என்றால் படியின் அகலத்தை அளந்துகொண்டு போங்கள்.