கிரயப் பத்திரத்தில் சர்வே எண் தவறாக இருக்கிறது, விற்றவர் இறந்துவிட்டார். இனி எப்படித் திருத்துவது?

விற்றவர் இல்லையென்றாலும் வழி இருக்கிறது. அவருடைய வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து உங்களுக்குப் பிழைத்திருத்தல் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அசல் கிரயப் பத்திரம் ஆகியவற்றுடன் சார்பதிவாளர் அலுவலகத்தில் அதையும் பதிவு செய்ய வேண்டும். பத்திரத்திலேயே பேனாவால் அடித்து எழுத மட்டும் யாரையும் விடாதீர்கள்.

அதற்கு முன், அது உண்மையிலேயே பிழைதானா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க 1980களில் நடந்த யுடிஆர் நில அளவையின்போது பல கிராமங்களில் எண்கள் மாறின. உங்கள் பத்திரத்தில் இருப்பது பழைய எண்ணாகவும் பட்டாவில் இருப்பது புதிய எண்ணாகவும் இருக்கலாம். வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டால் தெரிந்துவிடும். சொத்தின் மீது பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில் மட்டும் எண் தவறாகத் தட்டச்சாகியிருந்தால் புதுப் பத்திரமே வேண்டாம்; அசலைக் காட்டிச் சார்பதிவாளரிடம் மனு கொடுத்தால் போதும்.

தாய்ப்பத்திரத்தையும், அதாவது விற்றவருக்கு அந்த நிலம் வந்த பழைய பத்திரத்தையும், எடுத்துப் படியுங்கள். என் சித்தப்பா உட்பிரிவு எண் மாறியதற்காகப் பத்திர எழுத்தரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் பார்த்தால், விற்றவர் வாங்கிய பத்திரத்திலேயே அதே தவறு. அங்கே திருத்தாமல் இங்கே மட்டும் திருத்தினால், வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கியின் வழக்கறிஞர் அதைத்தான் முதலில் பிடிப்பார்.

நான்கு எல்லைகளும் அளவும் சரியாக இருந்து, நிலம் உங்கள் அனுபவத்திலும் இருந்தால், எண் கைத்தவறுதான் என்று நிறுவுவது கடினமல்ல. எல்லைகள் தெளிவாக இருந்தால் பொதுவாக நீதிமன்றங்கள் எண்ணைவிட எல்லைகளுக்கே மதிப்புத் தருகின்றன. ஆனால் திருத்தம் என்ற பெயரில் ஐந்து சென்டை ஏழு சென்டாக்கப் பார்த்தால், கூடுதல் நிலத்துக்குப் புதுக் கிரயம் போல முத்திரைத் தீர்வை கேட்பார்கள். அது நியாயமும்கூட.

வாரிசுகள் கையெழுத்துப் போட மறுத்தால்? தாத்தா விற்ற நிலத்துக்குப் பேரன் பணம் கேட்பது ஊரில் புதிதல்ல. அப்போது 1963ஆம் ஆண்டின் குறிப்பிட்ட பரிகாரச் சட்டம், 26ஆவது பிரிவின் கீழ் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். இரு தரப்பும் சேர்ந்து செய்த தவறு, அல்லது மோசடி என்று காட்ட வேண்டும். இடையில் வேறொருவர் நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து உரிமை பெற்றிருந்தால், அதைப் பாதிக்கும்படி நீதிமன்றம் திருத்தம் தராது. காலவரையறையும் உண்டு; தவறு தெரிந்த பிறகு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது.

பதிவு முடிந்ததும் புதிதாக ஒரு வில்லங்கச் சான்று எடுத்து, திருத்தல் பத்திரம் அதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள்.